வடக்கின் முதலீட்டு வலயங்களும் தீராத காணிச் சிக்கலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் ஆகிய இடங்களில் முதலீட்டு வலயங்கள் அமைக்கப்படும் என்ற அறிவிப்பை, 1990 இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை நின்றுபோனதைக் கண்ட எங்கள் தலைமுறை மனமார வரவேற்கிறது. ஆயினும் வடக்கில் முதலீட்டைப் பெரிதும் தடுப்பது பணத் தட்டுப்பாடு அல்ல. காணி யாருடையது, அதில் கட்டடம் எழுப்ப யார் அனுமதிப்பது என்பதை ஓரிடத்தில் கேட்டறிய வழியில்லாமையே.

கனடாவில் உழைத்த பணத்துடன் வந்த என் மைத்துனர், கிளிநொச்சியில் பழம் பதனிடும் நிலையமொன்றை அமைக்க முயன்றார். தந்தைவழிக் காணியின் உறுதிப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தது. பிரிவிடப்படாத பங்குகளுக்கு உரித்துடைய நால்வர் மூன்று நாடுகளில் வாழ்வதால், ஒவ்வொருவரிடமும் அவர் சார்பில் செயற்படுவதற்கான அற்றோர்ணித் தத்துவம் பெற வேண்டியிருந்தது. அதுவும் கைகூடிய பின்னரே, காணியின் ஒரு பகுதி வரைபடத்தில் காடாகக் குறிக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. அவருடைய தகப்பனார் நெல் விதைத்த நிலம் அது. போர்க்காலத்தில் ஆளில்லாமல் பற்றை மண்டியது. இரண்டு ஆண்டுகள் அலைந்து, மனமுடைந்து திரும்பிவிட்டார்.

இத்தகைய நிலையில், ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணிக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோருமாறு 2025 மார்ச்சில் வர்த்தமானி வெளியானபோது மக்கள் கலங்கியதில் வியப்பில்லை. பின்னர் அது மீளப்பெறப்பட்டது நல்லது. ஆனால் உறுதி தொலைத்தவர்களின் சிக்கல் அப்படியே இருக்கிறது.

பெருந்திட்டங்களின் கதையும் வேறல்ல. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் காற்றாலைத் திட்டத்துக்கு 2023 இல் ஒப்புதல் கிடைத்தது. பறவைகளின் வலசைப் பாதை, ஊரவரின் அச்சம், மின்சாரத்தின் விலை என முதலிலேயே பேசித் தீர்த்திருக்க வேண்டியவை பின்னர் வழக்காகவும் பிணக்காகவும் வளர்ந்தன. 2025 பெப்ரவரியில் முதலீட்டாளர் விலகிக்கொண்டார். 2018 ஒக்டோபரில் வடமாகாண சபையின் பதவிக்காலம் முடிந்த பின் தேர்தல் நடைபெறாததால், இவற்றை மக்கள் சார்பில் முன்கூட்டியே கேட்பதற்கு மாகாண மட்டத்தில் தெரிவுசெய்யப்பட்ட அவையும் இருக்கவில்லை.

ஆகவே, முதலீட்டாளர்களை அழைப்பதற்கு முன்னர், நில அளவை, வனவள, தொல்பொருள் திணைக்களங்களும் சுற்றாடல் அதிகார சபையும் மாவட்டச் செயலகத்தில் ஒன்றாக அமர்ந்து, ஒவ்வொரு வலயத்திலும் தனியார் காணி எது, அரச காணி எது, படையினர் வசமிருப்பது எது என்று காட்டும் வரைபடத்தை மும்மொழிகளிலும் வெளியிட வேண்டும். அதில் பிழை காணும் ஊரவர் ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது ஓராண்டு அவகாசம் வழங்க வேண்டும் எனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.