கொரோனா வார்டுல போனை யாரு புடிச்சுக்கறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம் சார்,

கொரோனா முடிஞ்சு இத்தனை நாளுக்கப்புறம் என்னடா இதுன்னு நெனைக்காதீங்க, அடுத்தது எதுவும் வர்றதுக்குள்ள யாராவது இதைப் பேசணும். 2020 ஜூலை கடைசில மத்திய சுகாதாரத்துறைலேருந்து எல்லா மாநிலத்துக்கும் லெட்டர் போச்சு, கொரோனா வார்டுல பேஷண்ட்டுங்க செல்போன், டேப் வச்சுக்கட்டும், வீட்டு ஆளுங்ககிட்ட வீடியோல பேசட்டும்னு. நல்ல லெட்டர்தான், ஆனா கையத் தூக்க முடியாம கிடக்கறவருக்கு போனை யாரு புடிச்சுக்கறது?

நான் ஷார்ஜால வேலை பாக்கறேன். 2021 மே மாசம் எங்கப்பா ஊர்ல அட்மிட் ஆனாரு. ஏப்ரல் கடைசிலயே யுஏஇல இந்தியாவுலேருந்து வர்றவங்களை நிறுத்திட்டாங்க, கெளம்பிப் போனா திரும்பி வர முடியாது, வேலை போயிரும், போனாலும் வார்டுக்குள்ள விடமாட்டாங்க, என் தம்பியே கேட்டுக்கு வெளியதான் நின்னான். அப்பாகிட்ட போன் இருந்துச்சு, ஆனா பிளக் பாயிண்ட் கட்டிலுக்கு எட்டல, மறுநாளே சுவிட்ச் ஆஃப். சார்ஜ் இருந்தப்பவும் ஆக்சிஜன் மாஸ்க்கை எடுத்தா ரத்தத்துல ஆக்சிஜன் அளவு எறங்குது, மாட்டியிருந்தா அவர் பேசறது நமக்குப் புரியல.

கடைசில ஒரு நர்ஸம்மாதான் பிபிஇ கிட்டோட வந்து, அவங்க சொந்தப் போனை பிளாஸ்டிக் கவர்ல போட்டு அப்பா காதுல வச்சாங்க. இங்க யுஏஇல வாட்ஸ்அப் கால் வேலை செய்யாது, போட்டிம்ங்கற ஆப்தான், அது அவங்க போன்ல ஏது, அதனால அம்மா போன்ல வாட்ஸ்அப்ல நர்ஸம்மா, பக்கத்துல தங்கச்சி போன்ல போட்டிம்ல நான், ரெண்டும் ஸ்பீக்கர்ல. அம்மா அழல, மோட்டார் சரி பண்ணியாச்சுங்க, நாத்தங்காலுக்கு தண்ணி பாயுது, நீங்க அதையே நெனச்சுட்டு கிடக்காதீங்கன்னாங்க. அப்பா புருவத்தைத் தூக்கினாருன்னு நர்ஸம்மா சொன்னாங்க. அவ்ளோதான் நாங்க பேசினது.

அந்தம்மா அன்னிக்கு லீவா இருந்தா அதுவும் இல்ல. முப்பது பேரைப் பாக்கற நர்ஸ் தலைல இதையும் கட்டுங்கன்னு நான் கேக்கல. வார்டுக்கு ஒரு டேப், கட்டில்ல மாட்டற ஸ்டாண்டு, நீள வயரோட ஒரு சார்ஜர், இதைப் பாத்துக்கன்னே சம்பளத்துக்கு ஒரு ஆள். அட்மிஷன் போடறப்பவே யாரைக் கூப்பிடணும், எந்த ஆப்லன்னு எழுதி வாங்கிக்கட்டும். நெலமை மோசமாயிட்டா பேஷண்ட் கேக்கற வரைக்கும் காத்திருக்காம அவங்களே கூப்பிடட்டும். இதுக்கு சுகாதாரத்துறை ஒரு ஆர்டர் போட்டா என்ன சார்?

இப்படிக்கு,
உங்கள் வாசகன், ஷார்ஜா