சனிக்கிழமை பின்னேரம்

திருகோணமலை

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகனை மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் ஓல்ட் ட்ரஃபோர்ட் மைதானத்துக்குக் கூட்டிப்போனதை வாசிக்கச் சந்தோஷமாக இருந்தது. அந்தக் கழகத்தை 1878இல் தொடங்கியவர்கள் நியூட்டன் ஹீத் ரயில் பட்டறைத் தொழிலாளர்கள் என்று அவனுக்குச் சொல்லு.

இங்கிலாந்தில் ஆலைகள் பெருகியபோது தொழிலாளச் சனங்களின் விளையாட்டுத்தான் முதலில் பறிபோனது. பொது வெளிகளுக்கு வேலி போட்டார்கள். தெருவில் பந்து உதைத்தால் 1835ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம். இங்கே மாரியில் கடல் கொந்தளித்தால் வலையை ஒதுக்கிவிட்டுக் கிளித்தட்டு மறிப்பார்களே, அதுபோல அங்கேயும் கைத்தறிக்காரர் பலர் திங்கட்கிழமை தறியைத் தொடமாட்டார்களாம். ஆலைச் சங்கு வந்து அதை ஒழித்துவிட்டது.

பிறகு 1850இல் ஒரு சட்டம்: நெசவாலைகளில் பெண்களுக்கும் இளையவர்களுக்கும் சனிக்கிழமை இரண்டு மணியோடு வேலை முடிய வேண்டும். அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாதே, ஆகவே ஆண்களும் வெளியே வந்தார்கள். சனிக்கிழமை மூன்று மணிக்குப் பந்தாட்டம் தொடங்கும் வழக்கம் அந்த அரைநாளால் வந்ததுதான். 1883இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற கழகம் இங்கிலாந்தின் எஃப்.ஏ. உதைபந்தாட்டக் கிண்ணத்தை வென்றதைப் பார். நெசவாளர், நூற்பாளர், வார்ப்பாலைக்காரர் எல்லாம் இருந்த அணி, பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் கல்லூரியின் பழைய மாணவர்களை மேலதிக நேரத்தில் 2-1 என்று மடக்கியது! அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், எங்கள் பொடியன்களுக்கு அந்த அரைநாள் இல்லை. மைதானம் இருக்கிறது, பந்து இருக்கிறது. ஆனால் ஆலைக்குப் போகிறவர்களின் சிப்ட் கிழமைக்குக் கிழமை மாறுகிறது. ஒருவன் இரவு வேலை முடித்து வரும்போது மற்றவன் பகல் வேலைக்குப் போய்விடுவான். போன போட்டிக்கு எங்கள் கோல்காப்பாளன் நேரே வேலையிலிருந்து வந்தான். இடைவேளையில் பூட்சைக் கழற்றாமலே வேப்பமரத்தடியில் தூங்கிப்போனான். எழுப்ப மனமில்லாமல் வேறொருவனை நிறுத்தினோம். சம்பளம் வருகிறது, சரி. பதினொரு பேரும் ஒன்றாக நிற்க ஒரு பின்னேரம் வேண்டாமா?

மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரமாவது எல்லோருக்கும் பொதுவாக விடச் சொல்லி நிர்வாகத்துக்குக் கழகத்தால் எழுதியிருக்கிறோம். பதில் வந்தால் உடனே அறிவிக்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் நண்பன்