சிகாகோவில் இருக்கும் தம்பிக்கு, ஜே ஃபாரரைப் பற்றி

அன்புள்ள தம்பி,

நீ ஜெஃப் ட்வீடியின் வில்கோ குழுவைக் கேட்க ஆரம்பித்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அவர்களுடைய 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பத்தின் அட்டையில் இருக்கிற உங்கள் ஊர் மரீனா சிட்டி இரட்டைக் கோபுரத்தை வேலைக்குப் போகும் வழியில் பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாய். கொடுத்துவைத்தவன். ஆனால் கூடவே, "ஜே ஃபாரர் முப்பது வருஷமா ஒரே பாட்டைத்தானே பாடுறார்? அதையே எப்படி அண்ணா திரும்பத் திரும்பக் கேக்குறீங்க?" என்றும் கேட்டிருந்தாய். வாட்ஸாப்பில் இரண்டு வரியில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் ஜெஃப் ட்வீடியும் என் ஜே ஃபாரரும் ஒரே ஊர்க்காரர்கள், பள்ளிக்கூட நாளிலிருந்தே சேர்ந்து வாசித்தவர்கள். ஊர் பெல்வில். நீ இருக்கிற அதே இல்லினாய் மாநிலம்தான். காரில் ஐந்து மணி நேரம் தெற்கே போனால் வந்துவிடும். மிசிசிப்பி ஆற்றுக்கு அந்தக் கரையில் செயின்ட் லூயிஸ், இந்தப் பக்கம் கொஞ்சம் உள்ளே தள்ளி பெல்வில். அங்கிருந்து இருவரும் சேர்ந்து நடத்திய அங்கிள் டுபெலோ குழுவின் முதல் ஆல்பம் 'நோ டிப்ரஷன்', 1990. பெயர் பழைய கன்ட்ரி இசைக் குழுவான கார்ட்டர் குடும்பம் 1936-இல் பதிவு செய்த பாட்டிலிருந்து எடுத்தது. சத்தம் பாதிக்கு மேல் பங்க் ராக். 1995-இல் சியாட்டிலில் இதே பெயரில் ஒரு பத்திரிகை வந்தது. ஆல்ட்-கன்ட்ரி என்று நாம் இன்று சொல்கிற, கன்ட்ரியும் ராக்கும் கலந்த இசைக்குப் பல வருஷம் அந்தப் பெயரே அடையாளமாக இருந்தது.

நீ முதலில் கேட்க வேண்டியது அவர்களுடைய மூன்றாவது ஆல்பம். அதன் பெயரே ஒரு தேதிதான்: 'மார்ச் 16–20, 1992'. அந்த ஐந்து நாளில் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் நகரத்தில் பதிவு செய்தார்கள், தயாரித்தவர் ஆர்.ஈ.எம். குழுவின் பீட்டர் பக். எலெக்ட்ரிக் கித்தாரின் இரைச்சல் எல்லாம் போய், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளின் பாட்டு, பக்திப் பாட்டு, அணுகுண்டைப் பற்றி லூவின் சகோதரர்கள் பாடிய பாட்டு என்று பழையவற்றை எடுத்துத் தங்கள் சொந்தப் பாட்டுகளோடு கலந்து பாடினார்கள். அதில் 'மூன்ஷைனர்' என்ற நாட்டுப்பாடல் வரும். கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவனின் கதை. ஃபாரருக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஒரு வாழ்க்கை முழுவதையும் குடித்துத் தீர்த்த கிழவனின் குரல் அந்த வயதில் ஒருவனுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அழுத்திப் பாடுவதில்லை, நடிப்பதும் இல்லை. கனமான குரல், ஒரே வேகத்தில் போகும். நான் முதலில் விழுந்தது அந்தக் குரலிடம்தான்.

1994 மே 1-ஆம் தேதி செயின்ட் லூயிஸில் கடைசிக் கச்சேரி வாசித்துவிட்டுப் பிரிந்தார்கள். யார் மேல் தப்பு என்று ரசிகர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. அடுத்த வருஷமே ட்வீடி வில்கோவின் 'ஏ.எம்.' ஆல்பத்தையும், ஃபாரர் தன் புதுக் குழுவான சன் வோல்ட்டின் 'ட்ரேஸ்' ஆல்பத்தையும் வெளியிட்டார்கள்.

ட்வீடி அங்கிருந்து எங்கெங்கோ போனார். நீ சொல்வது சரி, அது பெரிய பயணம். 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்'டை அவருடைய கம்பெனி வேண்டாம் என்று ஒதுக்கியதும், 2001-இல் அவர்களே அதை இணையத்தில் கேட்கவிட்டதும், மறுவருஷம் நன்ஸச் என்ற வேறொரு கம்பெனி வெளியிட்டு அது கொண்டாடப்பட்டதும் உனக்குத் தெரிந்த கதைதான். எனக்கும் அந்த ஆல்பம் பிடிக்கும். ஆனால் அதை நான் வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்தால் அதிகம். 'ட்ரேஸ்' அப்படி இல்லை, அது எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

காரணம், அது ஒரு நிலத்தோடு கட்டிப்போட்ட ஆல்பம். ஃபாரர் அப்போது நியூ ஆர்லியன்ஸில் குடியிருந்தார். குழுவில் இருந்த போக்விஸ்ட் சகோதரர்கள் மினசோட்டாக்காரர்கள். மிசிசிப்பி ஆற்றின் கீழ்முனைக்கும் மேல்முனைக்கும் நடுவே அவர் காரில் போய்வந்த காலத்துப் பாட்டுகள் இவை. முதல் பாட்டிலேயே ராத்திரி முழுக்க லூசியானாவிலிருந்து ஒரு ஏ.எம். வானொலி ஒலித்துக்கொண்டிருக்கும். மூன்றாவது பாட்டில் செயின்ட் ஜெனவீவ் வரும். 1993 பெருவெள்ளத்தில் மணல்மூட்டை அடுக்கித் தன்னைக் காப்பாற்றிக்கொண்ட, மிசௌரியின் பழைய பிரெஞ்சுக் குடியேற்ற ஊர். அந்தப் புனிதையின் பெயர் வெள்ளத்தைத் தடுக்கலாம், ஆனால் ஒருத்தரின் கண்ணீரைத் துடைக்கப் புனிதர்கள் மெனக்கெடுவதில்லை என்ற மாதிரி பாடிவிட்டுப் போவார். ஊரின் துக்கமும் ஒரு ஆளின் துக்கமும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன.

ஐந்தாவது பாட்டு, 'டென் செகண்ட் நியூஸ்'. ரொம்ப மெதுவான பாட்டு, முதல் தடவை நீ தாண்டிப் போய்விடுவாய் என்று பயமாக இருக்கிறது. 44-ஆம் நெடுஞ்சாலையில் போகும்போது வருகிற, புற்றுநோய்க்குப் பேர்போன ஒரு 'பீச்'சைப் பற்றிப் பாடுவார், ஊர்ப்பெயரைச் சொல்லமாட்டார். அது டைம்ஸ் பீச், செயின்ட் லூயிஸுக்குத் தென்மேற்கே மெரமெக் ஆற்றங்கரையில் இருந்த சின்ன ஊர். தார் போடாத தெருக்களில் புழுதி அடங்க 1970-களின் ஆரம்பத்தில் கழிவெண்ணெய் தெளித்தார்கள். அதில் டையாக்சின் என்ற கொடிய நச்சு கலந்திருந்தது. 1982 டிசம்பரில் விஷயம் வெளியே வந்த அதே நேரத்தில் ஆறும் பெருகி ஊருக்குள் புகுந்தது. மறுவருஷம் அரசாங்கமே மொத்த ஊரையும் விலைக்கு வாங்குவதாக அறிவித்து, பிறகு காலி செய்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டுப் போனார்கள். 'ட்ரேஸ்' வெளிவந்தபோது அந்த மண்ணை இன்னும் எரித்துச் சுத்தம்கூடச் செய்யவில்லை. இது எதையும் அவர் பாட்டில் விளக்குவதில்லை. சாலையில் போகிறவன் கண்ணில் பட்டதை மட்டும் சொல்கிறார். இந்தக் கதையைப் படித்துவிட்டு மறுபடி கேட்டபோது அந்தப் பாட்டின் மெதுநடையே எனக்கு வேறாகப் பட்டது. 'ஒரே பாட்டு' என்று நீ சொல்வது இதைத்தான், தம்பி. ஒரே ஆறு, ஒரே சாலை என்று சொல், ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் பெடல் ஸ்டீல் கித்தார். கால் வைத்த பெட்டி மாதிரி இருக்கும். பெரும்பாலும் பத்துத் தந்தி. இடது கையில் ஓர் இரும்புத் துண்டை வைத்துத் தந்திமேல் வழுக்குவார்கள், காலாலும் முழங்காலாலும் நெம்பித் தந்தியின் சுருதியை ஏற்றி இறக்குவார்கள். கமகத்துக்குப் பழகிய நம் காதுக்கு அது சட்டென்று ஒட்டிக்கொள்ளும். 'ட்ரேஸ்'ஸில் எரிக் ஹேவுட் வாசித்திருக்கிறார். குரல் முடிகிற இடத்தில் அது எப்படி உள்ளே வருகிறது என்று கவனி. பாடகரை எங்குமே முந்தாது.

நான் கேட்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பாட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்க எனக்கு வராது. ஒரு ஆல்பத்தை எடுத்தால் வரிசை மாற்றாமல், பெரும்பாலும் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, ஹெட்ஃபோனில் முழுசாகக் கேட்பேன். வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டில் வருகிற ஊர்களைத் தேடுவதும் உண்டு. லூசிண்டா வில்லியம்ஸின் 1998 ஆல்பம் 'கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோட்' அப்படிக் கேட்கத் தோதானது. ஊர்ப்பெயர்களாலேயே நடக்கிற பாட்டுகள். கில்லியன் வெல்ச்சின் 'டைம் (தி ரெவலேட்டர்)' 2001-இல் வந்தது, நாஷ்வில்லின் ஆர்.சி.ஏ. ஸ்டூடியோ பி-யில் பதிவானது. அதன் கடைசிப் பாட்டு பதினான்கு நிமிஷத்துக்கு மேல் ஓடும், ஒரு நொடிகூட அதிகமாகத் தோன்றாது. இவை இரண்டையும் அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்.

நீ என்னைவிட அந்த ஊர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறாய். நீளமான விடுமுறை எது வந்தாலும் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு செயின்ட் லூயிஸ் வரை போய்விட்டு வா. போகும்போது வேண்டுமானால் உன் வில்கோவைப் போடு. நகரத்தைத் தாண்டி 44-இல் ஏறியதும் 'ட்ரேஸ்'ஸைப் போடு. டைம்ஸ் பீச் இருந்த இடம் இப்போது ரூட் 66 மாநிலப் பூங்கா. அங்கே வண்டியை நிறுத்தி ஐந்தாவது பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டு, என்ன தோன்றியது என்று எனக்கு எழுது. இன்னமும் பிடிக்கவில்லை என்றாலும் எழுது.

அன்புடன்,
அண்ணன்