தேரைக்கு எதற்குப் பால் விகுதி?

விலங்கியல் பெயரிடலுக்கான சர்வதேச ஆணையத்தாருக்கு,

வணக்கம். நான் விஞ்ஞானி இல்லை. தவளை, தேரைகளைப் பற்றித் தமிழில் குறிப்பு எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான். விலங்குகளுக்கு அறிவியல் பெயர் வைப்பதற்கான உங்கள் விதிநூலின் ஐந்தாம் பதிப்புக்கான வேலை நடப்பதால் இதை எழுதுகிறேன்.

அமேசான் காட்டுச் சருகுகளுக்கிடையே வாழும் ஒரு தேரை. கட்டைவிரல் நகத்தின் மேல் உட்காரவைத்துவிடலாம். பிரேசிலில் வவுப்பெஸ் ஆற்றோரம் கிடைத்த அதற்கு, 1941இல் ஸ்வீடன்காரரான டக்ளஸ் மெலின் 'அட்டலோபஸ் மினூட்டஸ்' என்று பெயர் வைத்தார். முதல் சொல் பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டம்; இரண்டாம் சொல் இந்த இனத்தைக் குறிப்பது. மினூட்டஸ் என்றால் குட்டியூண்டு. பொருத்தமான பெயர். அப்புறம் அதை 'டெண்ட்ரோஃப்ரினிஸ்கஸ்' பேரினத்தில் சேர்த்தார்கள்.

2012இல் அந்துவான் ஃபூக்கே குழுவினர் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். அட்லாண்டிக் கரையோரக் காட்டுத் தேரைகளும் அமேசான் தேரைகளும் பிரிந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகிவிட்டன என்று தெரிந்தது. அமேசான் கூட்டத்துக்கு 'அமேசோனெல்லா' என்று தனிப் பேரினம் கொடுத்தார்கள். பார்த்தால், உண்ணிகளின் உறவான ஒரு சிற்றுயிருக்கு அந்தப் பெயரை யாரோ எப்போதோ வைத்துவிட்டிருந்தார்கள்! அதனால் 2012லேயே அதற்குப் பதிலாக 'அமேசோஃப்ரினெல்லா' வந்தது.

இதுவரை எனக்கு மறுப்பே இல்லை. ஒரே பெயரில் இரண்டு விலங்குகள் இருந்தால் குழப்பம்தான். முதலில் வைத்தவருக்கே பெயர் என்ற உங்கள் விதி நியாயமானது.

என் வழக்கு மினூட்டஸ் பற்றியது. அமேசோஃப்ரினெல்லா லத்தீனில் பெண்பாலாம். இரண்டாம் சொல் அடைமொழியாக இருந்தால் பேரினத்தின் பாலுக்கு ஏற்ப அதன் விகுதி மாற வேண்டும் என்பது உங்கள் விதி. அதனால் மினூட்டஸ் 'மினூட்டா' ஆகிவிட்டது. மழை பெய்ததும் கத்துவது ஆண் தேரை, அதுவும் மினூட்டாதான். சின்னப் பையன், சின்னப் பெண், சின்ன மரம் என்று பேசி வளர்ந்த எனக்கு, ஒரு அடைமொழி ஏன் இப்படி வேஷம் மாற்ற வேண்டும் என்று புரியவில்லை. தேரை அஃறிணை, அதோடு சரி.

பேரினம் மாறுவதற்குக் காரணம் இருக்கிறது: உறவுமுறை புரியப் புரிய அது மாறத்தான் வேண்டும். அப்படி மாறும்போது பழைய கட்டுரைகளைத் தேடிப் பிடிக்க நமக்குக் கையில் மிஞ்சுவது இரண்டாம் சொல் ஒன்றுதான். அதன் வாலையும் வெட்டி ஒட்டினால் எதைப் பிடித்துத் தேடுவது?

இதே பேரினத்தில் மாத்செஸ், சியோனா, தெக்கோ என்ற பெயர்களும் உண்டு. மூன்றும் அந்தக் காடுகளில் வாழும் பழங்குடிகளின் பெயர்கள். பெயர்ச்சொற்கள் என்பதால் நாளைக்கு எந்தப் பேரினத்துக்குப் போனாலும் ஓர் எழுத்துகூட மாறாது. அந்தச் சலுகை பாவம் மினூட்டஸுக்கு மட்டும் ஏன் இல்லை? வண்ணத்துப்பூச்சி ஆய்வாளர்களில் பலர் இந்தப் பால் விதியை ஒதுக்கிவிட்டு, முதலில் எழுதிய எழுத்தையே வைத்துக்கொள்கிறார்கள். யார் குடியும் முழுகிவிடவில்லை.

புதிய பதிப்பில், முதலில் எழுதியவர் எழுதியபடியே இரண்டாம் சொல் நிற்கட்டும் என்று ஒரு வரி சேருங்கள். ஏற்கெனவே மாறிவிட்ட பெயர்களைத் திருப்புவதா வேண்டாமா என்பதை நீங்களே பேசி முடிவுசெய்யுங்கள். என் குறிப்பேட்டில் மட்டும் இப்போதைக்கு இரண்டையும் எழுதிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தேரைகள் மேல் பிரியமுள்ள ஒரு வாசகன்