பார்சலுக்குள் ஒரு கடிதம்

திருநெல்வேலி டவுன்
2.11.2025, ஞாயிறு

அன்பு மகள் சங்கரிக்கு அம்மா எழுதுவது.

இங்கு எல்லோரும் சுகம். பார்சலில் இடிச்ச பொடி, பருப்புப் பொடி, கருப்பட்டி இரண்டு வட்டு வைத்திருக்கிறேன். நீல மூடி டப்பாவில் நார்த்தங்காய். அதை ஈரக் கரண்டி போட்டுக் கெடுத்துவிடாதே. கடிதத்தைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம், கல்யாணப் பேச்சு இதில் இல்லை.

வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். எழுதினால் நீல டிக் வந்துவிட்டதா என்று அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன். போன வாரம் இரண்டு தடவை பால் பொங்கிவிட்டது. காகிதம் என்றால் போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

பெரும்பாக்கத்தில் தண்ணீர் நிற்கிறதா? டி.வி.யில் பள்ளிக்கரணைப் பக்கம் காட்டினார்கள். வண்டியை மேலே ஏற்றி நிறுத்து. ஆபீஸ் கேப் அந்தத் தண்ணீரில் வருகிறதா என்று அப்பா கேட்டார். வரும் வரும் என்று நானே சொல்லிவிட்டேன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் 35 வருஷம் காதை வைத்துப் பிழைத்தவள் உன் அம்மா. 1985-ல் வெளியூர் போன்களை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் போர்டில் உட்கார்ந்த முதல் மாதத்திலேயே, வருவது சாவுச் செய்தியா, பிள்ளை பிறந்த செய்தியா என்பது அந்த 'ஹலோ'விலேயே தெரிய ஆரம்பித்துவிட்டது. மற்ற எல்லாவற்றுக்கும் முந்திப் போட்டுத் தரும் லைட்னிங் கால் என்றால் சாதாரண டிரங்க் காலுக்கு ஆவதைப் போல எட்டு மடங்கு காசு. அவ்வளவு கட்டிப் போட்டவன்கூட முதல் இரண்டு நிமிஷம் மழை பெய்யுதா, மாடு கன்று போட்டதா என்றுதான் விசாரிப்பான். "மூணு நிமிஷம் ஆகப் போகுது, எக்ஸ்டெண்ட் பண்ணவா" என்று நான் குறுக்கே புகுந்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். அதனால் நீ என்னிடம் மழையைப் பற்றியே பேசினாலும் எனக்குக் கேட்கும்.

முன்பெல்லாம் நீ நாலு நிமிஷம் பேசினால் அதற்குள் உன் லேப்டாப் ஐந்தாறு தடவை 'டிங்' என்னும். "அம்மா ஒரு நிமிஷம், அம்மா அப்புறம் கூப்பிடுறேன்" என்பாய். எனக்கு எரிச்சலாக வரும், பெற்றவளைவிட அந்த மணி பெரிதா என்று. இப்போது மூன்று வாரமாக அந்தச் சத்தமே இல்லை. போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நாற்பது நிமிஷம் பேசினாய். சந்தோஷமாகத்தான் இருந்தது. வைத்த பிறகு வயிறு கலங்கியது. வாரம் மூன்று நாள் ஆபீஸுக்கு வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் என நீதானே அலுத்துக்கொண்டாய். அன்றைக்கு வீடியோவில் உனக்குப் பின்னால் ஆணியில் அந்த நீலக் கயிற்று ஐ.டி. கார்டு தொங்கியது.

சரி, அதை விடு.

வடிவு அத்தை வீட்டில் எல்லோரும் விசாரித்தார்கள். மாமாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. பின்வீட்டு முருங்கை விழுந்துவிட்டது. இங்கே வேறு செய்தி இல்லை.

பொதுவாக ஒன்று சொல்கிறேன், உனக்காக என்று எடுத்துக்கொள்ளாதே. யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போடக் கூடாது. ஒரு ராத்திரி வைத்துப் படித்துவிட்டுத்தான் போட வேண்டும். இப்போது மெயிலில் வருமாம், 'நானாகவே விலகுகிறேன்' என்று நம்மையே டைப் அடித்து அனுப்பச் சொல்வார்களாம். ஆடி மாதம் ஒரு பெரிய கம்பெனி 12,000 பேருக்கு மேல் குறைக்கப் போவதாகச் செய்தியில் சொன்னபோது சங்கத்துத் தோழர் ஒருவர் இதையெல்லாம் விளக்கினார். உன் கம்பெனி இல்லை அது, தெரியும். ஐ.டி. வேலை பார்ப்பவர்களும் சங்கம் வைக்கலாம் என்று 2016-லேயே தமிழ்நாடு அரசு தெளிவாகச் சொல்லிவிட்டது. லேபர் ஆபீஸ் உங்களுக்கும் சேர்த்துத்தான். ஐந்து வருஷம் முடித்தவர்களுக்கு கிராஜுவிட்டி உண்டு, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். நீ இந்தக் கம்பெனிக்கு வந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. பொதுவாகத்தான் சொல்கிறேன்.

உன் தோழிகள் யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லு. காகிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்து வேண்டாம்.

போன வருஷம் உன் வீட்டுக்கு வந்திருந்தேனே, அந்த ராத்திரி உனக்கு ஞாபகம் இருக்காது. உனக்கு அது தினப்படி. எனக்கு அப்படி இல்லை. இரண்டே கால் மணிக்கு உன் போன் அலறியது. நீ முகம்கூடக் கழுவாமல் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாய். பிரிட்ஜ் கால் என்றாய், பழுது வந்தால் எல்லோரையும் ஒரே லைனில் சேர்ப்பது. இந்தக் காலத்திலும் பிரிட்ஜ், டிக்கெட் என்றே பேசுகிறீர்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் நாள் முழுக்க ஒவ்வொரு காலுக்கும் டிக்கெட் எழுதியவள்தான், உன் டிக்கெட்டில் மை ஒட்டாது, அவ்வளவுதான். நான் தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எட்டுக் குரல். அதில் ஒன்றுதான் பெண் குரல், உன்னுடையது. மூன்று மணிக்கு நீ ஒன்று சொன்னாய், சாயங்காலம் ஏதோ மாற்றியிருக்கிறார்கள், அதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பத்து நிமிஷம் கழித்து அந்தக் கரகரக் குரல்காரன் அதையே தன் கண்டுபிடிப்பு மாதிரிச் சொன்னான். எல்லோரும் "கரெக்ட், கரெக்ட்" என்றார்கள். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. மியூட்டில் போட்டுவிட்டு என் போர்வையை இழுத்துச் சரி செய்தாய்.

காலையில் நான் கேட்டதற்கு, "அம்மா, சரியாச்சா இல்லையா, அதுதான் முக்கியம்" என்றாய். அப்படி இல்லை சங்கரி. யார் பெயரில் எழுதப்பட்டது என்பதும் முக்கியம். ஆள் குறைக்கிறவன் அந்த ராத்திரியைப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் பார்க்கிறான்.

ஊரெல்லாம் நான் என்ன சொல்லி வைத்திருக்கிறேன் தெரியுமா? நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தில் யார் கேட்டாலும், "என் மகள் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஒரு பேங்கையே தூக்கி நிறுத்துவாள்" என்று. கல்லூரியிலேயே வேலை கிடைத்து 2015-ல் நீ சென்னைக்குப் போனபோது, உன் ஆர்டரை ஜெராக்ஸ் எடுத்து ஆபீஸில் எல்லோருக்கும் காட்டினவள் நான். உனக்கு அது பிடிக்காது. "அம்மா, என்னை விளம்பரம் பண்ணாதே" என்றாய். அன்றைக்குக் கோபப்பட்டேன். இப்போது யோசித்தால், நான் ஊரில் பீற்றி வைத்த ஒவ்வொரு வார்த்தையும் உன் வாயைத்தான் அடைத்திருக்கிறது.

ஆனாலும் உன்மேலும் எனக்கு வருத்தம் உண்டு. தீபாவளிக்கு வரவில்லை. ஆபீஸில் ரிலீஸ் இருக்கிறது என்றாய். தீபாவளியன்று ராத்திரி கூப்பிட்டபோதும் அந்த 'டிங்' கேட்கவில்லை. ஒரு டிக்கெட் போட்டு வந்திருந்தால் நான் ஒன்றும் கேட்டிருக்க மாட்டேன். சும்மா தோசை சுட்டுப் போட்டிருப்பேன்.

சாப்பிடுகிறாயா? ஆர்டர் பண்ணித் தின்னாதே. கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்கட்டும். இல்லையென்றால் சொல்லு, என் ஓய்வூதியத்தை நான் என்ன செய்யப் போகிறேன்? வீட்டு லோனுக்கு ஒரு வருஷம் நான் கட்டுவேன். இதுவும் பொதுவாகத்தான்.

இப்படிச் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டிருந்தால் கொரியர் ஆபீஸ் மூடிவிடுவான்.

உனக்கு அம்மை போட்ட கதையைச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை கேட்டிருப்பாய். 1998-ல் புது கேடருக்கு மாற மீனம்பாக்கம் டிரெய்னிங் சென்டருக்கு என்னைக் கூப்பிட்டார்கள், கம்ப்யூட்டர் கற்றுக்கொடுப்பார்கள், உனக்கு அம்மை போட்டதால் அம்மா போகவில்லை, உனக்காக விட்டுவிட்டேன் என்று. பிளஸ் ஒன்னில் நீ காமர்ஸ் எடுக்கிறேன் என்று நின்றபோதும் அதைத்தான் சொன்னேன். "நான் விட்டதை நீ பிடி." நீ ஒன்றும் பேசாமல் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் டிக் அடித்தாய். உன் பேனா அந்தக் கட்டத்துக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

உனக்கு அம்மை போட்டது உண்மை. ஆனால் அது முன்னாலேயே இறங்கிவிட்டது. மூன்றாம் தண்ணீர் ஊற்றிப் பத்து நாள் கழித்துத்தான் அந்த ஆர்டர் வந்தது. நீ வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாய். ஆச்சி, "பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன், நீ போயிட்டு வா தாயி" என்றாள். ரயில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. நான்தான் போகவில்லை. கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின வாரம் ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டரை இறக்கி எல்லோரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். மவுஸைப் பிடித்தபோது என் கை ஆடியது. அம்பு ஒரு பக்கம் ஓட, நான் மவுஸைத் தூக்கித் தூக்கி வைத்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான் காரணம். பயம். வெட்கம். அன்று இரவே "பிள்ளைக்கு அம்மை" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நான் டிரங்க் போர்டில் ஒயர் மாட்டக் கற்றுக்கொடுத்த பெண் அந்த டிரெய்னிங்குக்குப் போய்விட்டு வந்து எனக்கே சூப்பர்வைசர் ஆனாள். 2019 நவம்பரில் பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வுக்கு (வி.ஆர்.எஸ்.) ஆப்ஷன் கொடுத்தபோதுகூட ஆன்லைனில் பக்கத்து சீட் பையன்தான் அழுத்திக் கொடுத்தான். 2020 ஜனவரி 31-ல் நாடு முழுக்க 78,000 பேருக்கு மேல் ஒரே நாளில் வெளியே வந்தோம். அவ்வளவு பேரோடு சேர்ந்து வந்ததால் என் கை ஆடியது யாருக்கும் தெரியவில்லை.

ஆச்சி போய்விட்டாள், இனி இதைச் சொல்ல யாரும் இல்லை. அப்பாவுக்கும் தெரியாது. நீ எனக்கு எதையும் பிடித்துத் தர வேண்டியதில்லை சங்கரி. நீயாக ஏற்றுக்கொண்ட கடனும் இல்லை அது. இல்லாத கடனை உன் தலையில் எழுதியவள் நான்.

ராத்திரி தலைக்கு நல்லெண்ணெய் வை. காகிதத்தில் கையெழுத்து, மறக்காதே.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு உன் கம்பெனி இன்ஷூரன்ஸ் கார்டு நம்பர் மூன்று தடவை கேட்டேன், "அப்புறம் அனுப்புறேன்" என்றாய். இனி அனுப்ப வேண்டாம். நம் பணத்திலேயே 14-ம் தேதிக்குச் சொல்லி முன்பணமும் கட்டியாயிற்று. அன்றைக்கு அப்பா பக்கத்தில் இருக்க ஒரு ஆள் வேண்டும். 12-ம் தேதி ராத்திரி பஸ் ஏறினால் போதும். லேப்டாப் எடுத்துவர வேண்டாம்.