கடற்பஞ்சும் எங்கள் மூத்தவளும்

குளச்சல்

அன்புள்ள வாத்தியாரே,

பொங்கலுக்கு நீ எழுதியதற்குப் பதில் போடாத குற்றத்துக்கு நேரில் வந்து திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம், மூத்தவளைப் பற்றிய கவலை ஒன்றைத் தவிர. நிலவியலில் முதுகலை முடித்தவள் வங்கித் தேர்வுக்குப் படிப்பாள் என்று நாங்கள் நம்பியிருக்க, கடலடியில் ஒட்டி வாழும் எளிய விலங்கான கடற்பஞ்சுகளின் புதைபடிவங்களை ஆராயப் போவதாக அறிவித்துவிட்டாள். வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி, ஒரு கிளிஞ்சலின் தடம்கூட மிஞ்ச வழியில்லாத சார்னோகைட், கொண்டலைட் பாறைகளை மிதித்து வளர்ந்தவளுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று நீயே சொல். "வலைமடியில் ஏறினால் திட்டிக்கொண்டே கடலில் எறிகிற அந்தக் குப்பையையா?" என்று கேட்ட அவள் அம்மா, அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

சண்டை போடத்தான் நானும் உட்கார்ந்தேன். எழுந்தபோது கட்சி மாறியிருந்தேன். ஏறத்தாழ நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டெவோனியன் காலத்தில் பெரும் கடலடித் திட்டுகளைக் கட்டிய ஸ்ட்ரோமட்டோபோராய்டுகள் என்ற கடலுயிர்களைப் பவளத்தின் உறவினம் என்றே பலரும் நெடுங்காலம் கருதி வந்தார்களாம். ஜமைக்காவின் பவளத்திட்டுக் குகை இருட்டில் சுண்ணாம்பு உடல் கட்டி வாழும் கடற்பஞ்சுகளை ஹார்ட்மன், கோரோ என்ற ஆய்வாளர்கள் 1970இல் விவரித்த பிறகுதான், அந்தக் கற்களின் மேலிருந்த நட்சத்திரக் கோடுகள் நீர் வெளியேறிய வாய்க்கால்களின் தடம் என்பதும், அவையும் கடற்பஞ்சுகளே என்பதும் விளங்கிற்று.

ஜெர்மனியின் மன்ஃப்ரெட் கிரௌட்டர், சிலிக்காவால் உடற்கூடு கட்டும் கண்ணாடிக் கடற்பஞ்சுகளின் ஜுராசிக் காலத் திட்டுகளைக் கல்லாகவே ஆராய்ந்து வந்தவர். உலகிலிருந்து மறைந்துபோனதாக நம்பப்பட்ட அத்திட்டுகள், 1987இல் கனடாவின் மேற்குக் கரையில் கடலடியை அளந்தவர்களிடம் உயிரோடு அகப்பட்டன. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளாக வளர்ந்த அவற்றை 1999இல் அவர் நீர்மூழ்கியில் இறங்கிப் பார்த்தார். (அந்த ஆண்டில் நீயும் நானும் எதற்காக அலைந்தோம் என்பதை எழுத வேண்டாம்.) ஆனால் சில பகுதிகளை இழுவைமடிகள் ஏற்கெனவே நொறுக்கியிருந்தன என்று அவள் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. விசைப்படகா வள்ளமா என்று கரையில் நின்று கத்துகிற நாம், நம் கடலடியில் என்ன நொறுங்குகிறது என்று ஒருநாளாவது கேட்டோமா?

என் பயமெல்லாம் வேலையைப் பற்றியது. கல்லையும் உயிரையும் சேர்த்துப் படித்தவளை, விலங்கியல்காரர்கள் நிலவியலுக்குப் போ என்பார்கள். நிலவியல்காரர்கள் விலங்கியலுக்குப் போ என்பார்கள். உன் கல்லூரி அனுபவத்தில் இது எப்படி என்று மறைக்காமல் எழுது. அடுத்த முறை நாகர்கோவிலுக்கு வரும்போது அவள் அம்மாவிடமும் பேசு. சீட்டுப் பண விஷயத்தை நீ எடுக்காதவரை, உன் பேச்சை அவள் கேட்பாள்.

அன்புடன்,
குளச்சல்காரன்