‘கெட்’ என்பது துருக்கிய மாணவருக்கு ஒரு சொல் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் சென்ற வாரம் வெளியான கட்டுரையைப் படித்தேன். துருக்கியில் பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்தவர்களும் ‘கெட்’ போன்ற சாதாரண வினைச்சொல்லில் தடுமாறுவதற்குக் காரணம், அதன் பொருள்களை அவர்கள் போதிய அளவு மனப்பாடம் செய்யாததே என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அங்காராவில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆயத்த வகுப்பில் ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்துவிட்டு ஊர் திரும்பியவன் என்ற முறையில், அந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. என்னிடம் படித்தவர்கள் மனப்பாடத்தில் குறை வைத்தவர்கள் அல்லர். மனப்பாடம் செய்யுங்கள் என்று ஆசிரியர்களாகிய நாங்கள் கையில் கொடுத்த பட்டியலில்தான் குறை இருந்தது.

அந்நாட்டில் ஆங்கிலவழியில் பாடம் நடத்தும் பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவர், மொழித்தேர்ச்சியைத் தொடக்கத்திலேயே மெய்ப்பிக்காவிட்டால், ஓராண்டு முழுவதும் ‘ஹஸிர்லிக்’ எனப்படும் ஆயத்த வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே படிக்க வேண்டும். என் முதல் ஆண்டில், ‘கெட்’ என்ற தலைப்பின்கீழ் நாற்பது பொருள்களை வரிசைப்படுத்தி, எதிரே துருக்கிய சொற்களை எழுதி, இரண்டு பக்கத் தாளாக வகுப்பில் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை நடந்த சிறுதேர்வில் பெரும்பாலோர் அந்த நாற்பதையும் பிழையின்றி எழுதினார்கள். திங்கட்கிழமை காலையில், நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர் ஒருவர் மகிழ்ச்சியோடு என்னிடம் வந்து, “ஹோஜாம், ஐ டுக் எய்ட்டி ஃப்ரம் த எக்ஸாம்” என்றார். ஹோஜாம் என்றால் ‘என் ஆசிரியரே’ என்று பொருள். ‘கெட்’ வரவேண்டிய இடத்தில் ‘டேக்’ வந்துவிட்டது. நாற்பது பொருள்களையும் ஒப்பித்தவருக்கு, அந்தச் சொல்லை எடுத்தாள வேண்டிய முதல் வாய்ப்பிலேயே அது கைகொடுக்கவில்லை.

இதற்கான காரணத்தை ஆங்கிலத்தில் தேடிப் பயனில்லை. துருக்கிய மொழியில்தான் தேட வேண்டும். அவர் மனத்தில் இருந்த வாக்கியம் ‘சினாவ்தான் செக்சென் அல்திம்’ என்பதாகும். சினாவ் என்றால் தேர்வு, செக்சென் என்றால் எண்பது, அல்திம் என்பது ‘அல்மாக்’ என்னும் வினையின் இறந்தகாலத் தன்மை வடிவம். எடுத்தலும் பெறுதலும் விலைக்கு வாங்கலும் அந்த ஒரே வினைக்குள் அடக்கம். ஆங்கிலம் ‘டேக்’, ‘கெட்’, ‘பை’ என மூன்றாகப் பிரித்து வைத்திருப்பதைத் துருக்கியர் ஒன்றாகவே காண்கிறார்கள். பள்ளியில் முதலில் படிக்கும்போதே ‘டேக் என்றால் அல்மாக்’ என்று பதிந்துவிட்டதால், அல்மாக் நினைவுக்கு வரும் இடத்திலெல்லாம் நாவில் ‘டேக்’ வந்து நிற்கிறது.

தமிழனாகிய எனக்கு இது விளங்குவதில் சிரமம் இருக்கவில்லை, ஏனெனில் நம் ‘வாங்கு’ ஏறத்தாழ அதே வேலையைச் செய்கிறது. தேர்வில் எண்பது மதிப்பெண் வாங்கினேன் என்கிறோம். கடையில் அரிசி வாங்கினேன் என்றும் சொல்கிறோம். ஒரு பருவத்தின் முடிவில், செவிலியராகப் பணியாற்றிக்கொண்டே படித்துவந்த மாணவி ஒருவர், மெல்லிய தாளில் சுற்றிய கழுத்துத்துணி ஒன்றை என் மேசைமீது வைத்து, “ஐ டுக் எ கிஃப்ட் ஃபார் யூ” என்றார். உடனிருந்த ஆங்கிலேய ஆசிரியர் ஒரு கணம் திகைத்து, அதை எங்கிருந்து எடுத்துவந்தார் என்று கேட்டுவிட, அந்தப் பெண்ணின் முகம் சிவந்துபோயிற்று. அவர் சொல்ல நினைத்தது ‘ஹெதியெ அல்திம்’. நம் மொழியில் ‘பரிசு வாங்கினேன்’. இந்தத் தமிழ்த் தொடரும், பரிசை விலைக்கு வாங்கினேனா பிறரிடமிருந்து பெற்றேனா என்பதைத் தானாகச் சொல்வதில்லை. துருக்கியத் தொடரும் அப்படித்தான். இரண்டு மொழிகளிலும் இடம் பார்த்தே பொருள் கொள்கிறோம். ஆங்கிலத்தில் அதற்குத் தனித்தனி வினை வேண்டும் என்பதை அந்த மாணவிக்கு எவரும் எடுத்துக் காட்டியிருக்கவில்லை.

ஆயினும், பெறுதல் என்ற பொருளில் வரும் ‘கெட்’ சிக்கலின் ஒரு சிறு பகுதிதான். அதைவிட ஆழமானது, பெயரடைக்கு முன்னால் நிற்கும் ‘கெட்’. களைப்படைதல், நோயுறுதல், முதுமையடைதல், செல்வந்தராதல் ஆகிய ஒவ்வொன்றையும் ஆங்கிலேயர் ‘கெட்’ என்று தொடங்கி அடுத்து ஒரு பெயரடையை வைத்துச் சொல்லிவிடுகிறார்கள். துருக்கியரோ இவற்றைத் தனித்தனி ஒற்றைச் சொல்லால் சொல்கிறார்கள். ஹஸ்தா என்றால் நோயுற்றவர். ஹஸ்தாலன்மாக் என்றால் நோயுறுதல். ஜெங்கின் என்றால் செல்வர். ஜெங்கின்லெஷ்மெக் என்றால் செல்வராதல். யாஷ் என்றால் வயது. யாஷ்லன்மாக் என்றால் முதுமையடைதல். ‘கெட்’ செய்யும் வேலையை இங்கே ‘லன்’, ‘லெஷ்’ என்னும் விகுதிகள் செய்கின்றன. ஆகவே ‘கெட்’ என்பதற்கு நிகராக எந்தத் துருக்கியச் சொல்லை எழுதினாலும் அது பிழையாகவே முடியும். அதற்கு நிகரானது சொல் அன்று, சொல்லின் நடுவில் ஒட்டி நிற்கும் ஓர் அசை. அகராதியில் தனி இடம் இல்லாத அந்த அசையை அகராதிப் பட்டியலில் தேடச் சொன்னால், மாணவர் எங்கே போய்த் தேடுவார்?

திருமணம் செய்துகொள்வதற்கு அவர்கள் வழங்கும் சொல்லையும் குறிப்பிட வேண்டும். எவ் என்றால் வீடு. எவ்லென்மெக் என்றால் மணம் புரிதல், அதாவது வீட்டை உடையவராதல். இல்லறம் என்றும் இல்லாள் என்றும் மனைவி என்றும் வீட்டை வைத்தே சொல் படைத்திருக்கும் நமக்கு இது அயலாகத் தோன்றாது. இந்த மூன்று அசைச் சொல்லை ஆங்கிலத்தில் ‘கெட் மேரிட்’ என்று இரண்டாக உடைக்க வேண்டியிருப்பதால், என் மாணவர்கள் முதலில் ‘ஐ மேரிட் வித் ஹெர்’ என்றே எழுதினார்கள். ‘எவ்லென்’ என்பதற்கு முன்னால் வரும் பெயர் துருக்கிய மொழியில் ‘ஓடு’ உருபு ஏற்கும் என்பதால் அந்த ‘வித்’ வந்து சேர்ந்தது. நாமும் ‘அவளோடு திருமணம் ஆயிற்று’ என்று சொல்வதை எண்ணினால், அந்தப் பிழையின் நியாயம் புரியும்.

மூன்றாவது இடம், ஒரு செயலைப் பிறரைக்கொண்டு செய்விக்கும் ‘கெட்’. முடிதிருத்தகத்திலிருந்து நேராக வகுப்புக்கு வந்த மாணவர் ஒருவர், “ஐ கட் மை ஹேர்” என்றார். தாமே கத்தரி எடுத்து வெட்டிக்கொண்டதாக ஆங்கிலேயர் பொருள்கொள்வர். ஆனால் துருக்கிய மொழியில் இந்த வேறுபாடு மிகத் தெளிவானது: கெஸ்திம் என்றால் நான் வெட்டினேன், கெஸ்திர்திம் என்றால் பிறரைக்கொண்டு வெட்டுவித்தேன். இடையில் வரும் ‘திர்’ அனைத்தையும் சொல்லிவிடுகிறது. அன்று நான் கரும்பலகையில் இரண்டு சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். மேலே, ‘நான் செய்வித்தேன்’ என்று பொருள்படும் துருக்கியச் சொல்லாகிய யாப்திர்திம் என்பதை யாப்–திர்–தி–ம் என்று பிரித்தேன். கீழே, தமிழ்ச் சொல்லைச் செய்–வி–த்த்–ஏன் என்று பிரித்தேன். பகுதி, பிறவினை விகுதி, காலம் காட்டும் இடைநிலை, தன்மை விகுதி ஆகிய நான்கும் அதே வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்று வந்து நின்றன. வகுப்பு அமைதியாயிற்று. பின்வரிசையிலிருந்து ஒருவர், அப்படியானால் ஆங்கிலத்தில் அந்த ‘திர்’ எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஒன்பது ஆண்டுகளில் என்னிடம் கேட்கப்பட்ட மிகச் சிறந்த கேள்வி அதுவே. அந்தத் ‘திர்’தான் ‘கெட்’. விகுதியாகச் சொல்லுக்குள் நில்லாமல் தனிச் சொல்லாக வெளியே வந்து நிற்கிறது என்றேன். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்ற வாக்கியத்தை அதன்பின் அந்த வகுப்பில் எவரும் தவறவிட்டதாக எனக்கு நினைவில்லை.

இத்தகைய ஒப்புமையைக் கண்டதும் இரு மொழிகளும் உறவுடையவை என்று சிலர் துணிந்துவிடுவதுண்டு. கால்டுவெல்லும் 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளைத் தாம் சித்தியம் என்று அழைத்த குடும்பத்தோடு இணைத்துப் பார்த்தார். துருக்கியமும் அதில் அடங்கும். அந்தக் கருத்து மொழியியலில் நிலைபெறவில்லை. துருக்கியரின் ‘காரா’வும் நம் ‘கரு’வும் கறுப்பைக் குறிப்பதை வைத்துக்கொண்டு உறவு கொண்டாட நானும் துணியமாட்டேன். என்றாலும், இருட்டியது, சிவந்தது, பழுத்தது, கறுத்தது என்று மாற்றத்தை ஒரே வினையில் அடக்கும் பழக்கம் இரு மொழிகளுக்கும் பொது. கற்பிப்பவருக்கு அந்த ஒற்றுமையே போதும்.

ஏறுதல், இறங்குதல், எழுதல் ஆகியவற்றைக் குறிக்கும் ‘கெட்’ கூட்டுவினைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேருந்தில் ஏறுவது பின்மெக், இறங்குவது இன்மெக், படுக்கையிலிருந்து எழுவது கல்க்மாக். செல்லும் திசை வினைச்சொல்லிலேயே இருக்கிறது, தமிழில் போலவே. ஆங்கிலத்தில் வினை மாறாமல், ‘ஆன்’, ‘ஆஃப்’, ‘அப்’ என்று பின்னால் வரும் சிறுசொல்லே திசையைக் காட்டுகிறது. வினையில் கவனத்தைக் குவித்துப் பழகிய துருக்கியர் காதில் அந்தக் கடைசிச் சொல் அழுத்தமின்றி நழுவிப்போவது இயல்பு. இங்கே வேண்டுவது செவிப்பயிற்சி. உடைமையைக் குறிக்கும் ‘ஹேவ் காட்’ என்பதும் இவ்வாறே குழப்புகிறது. ‘பிர் எவிம் வார்’ என்றால் எனக்கொரு வீடு உண்டு என்று பொருள். உடைமைக்கு அங்கே வினையே இல்லை, ‘உண்டு’ என்பது மட்டுமே இருக்கிறது. ‘காட்’ என்பதை இறந்தகாலமாகக் கண்டு, அந்த வீடு எப்போது கிடைத்தது என்று கேட்ட மாணவர்கள் பலர்.

மனப்பாடத்தை வற்புறுத்துவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். 1932இல் நிறுவப்பட்ட துருக்கிய மொழிக் கழகத்தின் அகராதியில் ‘சிக்மாக்’ என்னும் வினைக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட பொருள்கள் தரப்பட்டுள்ளன. வெளியே போதல், படியேறுதல், சூரியன் தோன்றுதல், புத்தகம் வெளிவருதல், துணியிலிருந்து கறை நீங்குதல் யாவும் சிக்மாக். எந்தத் துருக்கியக் குழந்தையும் அவற்றைப் பட்டியலாகப் படித்ததில்லை. கறையோடும் படியோடும் புத்தகத்தோடும் சேர்த்தே கேட்டு வளர்ந்தது. தன் மொழியில் ஐம்பது பொருளை எளிதாகக் கையாளும் ஒருவரை, அயல்மொழியில் நாற்பது பொருளை நினைவில் வைக்கத் தெரியாதவர் என்று கூறுவது அவருக்கு இழைக்கும் அநீதி.

பட்டியல் இவ்வளவு செல்வாக்குப் பெற்றதற்குத் தேர்வுமுறையும் ஒரு காரணம். அரசுப் பணியாளர்களும் கல்வியாளர்களும் எழுதும் நாடுதழுவிய அயல்மொழித் தேர்வில் 80 வினாக்கள்; ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகளில் ஒன்றைக் குறித்தால் போதும். பேசவோ எழுதவோ வேண்டியதில்லை. மதிப்பெண்ணைப் பொறுத்து ஊதியத்தோடு மொழிப்படியும் கிடைக்கும் என்பதால், குடும்பத்தைக் காப்பவர்கள் இரவில் கண்விழித்துப் பட்டியல் படிக்கிறார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வராது. ஆனால் அந்தத் தேர்வுக்காகத் தயாரிக்கப்பட்ட தாள்கள், வேறு தேவைக்காகப் படிக்கும் பதினெட்டு வயது மாணவரின் கையிலும் அப்படியே திணிக்கப்படுவது தவறு.

இரண்டாம் ஆண்டிலிருந்து நான் பட்டியலை விட்டுவிட்டேன். ‘கெட்’ என்ற சொல்லைக் கண்டால் அதன் பொருளைக் கேட்காதீர்கள், அதற்கு அடுத்து என்ன நிற்கிறது என்று பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். பெயர்ச்சொல் நின்றால் அல்மாக், அல்லது வேலையாயின் ‘கண்டடைதல்’, தண்ணீராயின் ‘கொண்டுவருதல்’. பெயரடை நின்றால் உங்கள் ‘லன்’, ‘லெஷ்’. இடம் நின்றால் சேர்தல். ஒரு பொருளும் அதன்பின் முடிந்த செயலும் நின்றால் உங்கள் ‘திர்’. நம் ‘அடை’ என்னும் வினையும் வீட்டை அடைந்தான், கோபமடைந்தான், பயனடைந்தான் என்று பக்கத்துச் சொல்லைப் பார்த்தே பொருள் மாறுவதால், இந்த வழி எனக்குத் தமிழிலிருந்தே கிடைத்தது எனலாம். ஒரு பருவம் முழுவதும் நாற்பது வாக்கியங்களுக்குமேல் நான் கொடுக்கவில்லை. எண்ணிக்கை பழைய பட்டியலின் அளவுதான். ஆனால் ஒவ்வொன்றும் அவர்கள் அன்றாடம் சொல்ல விரும்பிய முழு வாக்கியமாக இருந்தது.

தங்கள் இணைப்பிதழில் வாரந்தோறும் வெளியாகும் ஆங்கிலச் சொற்பட்டியலை இங்குள்ள மாணவர்கள் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைப்பதை நான் அறிவேன். அதில் ‘கெட்’ இடம்பெறும் வாரத்தில், பொருள்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் முழு வாக்கியம் ஒன்றும், அதே கருத்தைத் தமிழர் இயல்பாகச் சொல்லும் தொடர் ஒன்றும் அருகருகே அச்சிடுமாறு வேண்டுகிறேன். அத்தகைய வாக்கியங்களைத் தொகுத்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகர்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
தஞ்சாவூர்.